ஆற்றைப் பார்க்காத மரம் ஆற்றின் கணக்கை எப்படிச் சொல்லும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்களுக்குத் தெரிந்த ஒரு மலை ஆற்றில் நீரளவு எடுக்கத் தொடங்கி 38 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் அணைத் திட்ட அறிக்கை ஒன்றில் "மர வளையங்களின்படி கடந்த 400 ஆண்டு நீரோட்டம்" என்று ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். அந்த மரங்கள் நிற்பதோ ஆற்றிலிருந்து வெகு தூரம் தள்ளி, மேட்டில். ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படாத மரம் ஆற்றை எப்படி அளந்திருக்கும், இதை நம்பி அணை கட்டலாமா என்று கேட்கிறீர்கள். நம்பலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் கிடையாது. அந்தக் கோட்டில் எந்தப் பகுதியை நம்பலாம், எதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம் என்று சொல்ல முடியும். இருபது ஆண்டுகளாக மரத்தில் துளை போட்டு வளையம் எண்ணிப் பிழைப்பவன் நான். ஆகவே என் தொழிலுக்குச் சற்றுச் சார்பாகத்தான் பேசுவேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம்: மரம் ஆற்றை அளப்பதே இல்லை. மரம் அளப்பது தன் வேருக்குக் கிடைத்த ஈரத்தை. மலையில் விழும் மழையும் பனியும் முதலில் மண்ணை நனைக்கின்றன. அதில் ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதியை மரங்கள் குடிக்கின்றன, மிஞ்சியது ஓடையாகி ஆற்றில் சேர்கிறது. வானம் பொய்த்த ஆண்டில் மண்ணில் ஈரம் இல்லை, மரம் ஒல்லியான வளையம் போடுகிறது. அதே காரணத்தால் ஆற்றிலும் தண்ணீர் இல்லை. ஒரே வரவை இரண்டு பேர் தனித்தனிக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தது போல. ஆற்றின் புத்தகம் தொலைந்துவிட்டதால் மரத்தின் புத்தகத்தைப் புரட்டுகிறோம், அவ்வளவுதான்.

அதனால் உங்களை உறுத்திய விஷயம்தான் இந்த முறையின் பலமே. ஆற்றங்கரையில் நிற்கும் மரம் எங்களுக்கு உதவாது. அதன் வேர் எப்போதும் ஈரத்தில் இருக்கும். எந்த ஆண்டு வறட்சி, எந்த ஆண்டு செழிப்பு என்று அதற்கு வேற்றுமையே தெரியாது. வளையங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும். நாங்கள் தேடுவது பாறை இடுக்கில், மண் அதிகம் இல்லாத செங்குத்துச் சரிவில், வெயில் காயும் பக்கத்தில், தண்ணீருக்குத் தவம் கிடக்கும் மரத்தை. அந்த மரம் பார்க்க அழகாக இருக்காது. உச்சி காய்ந்து, ஒரு பக்கம் பட்டை உரிந்து, முறுக்கிக்கொண்டு நிற்கும். நானூறு வயது மரம் நம் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அது பதில் சொல்லியிருக்கும்.

மலை ஆறுகளில் இது நன்றாக வேலை செய்ய இன்னொரு காரணம் பனி. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் குளிர்காலம் முழுக்கக் குவியும் பனி வசந்தத்தில் உருகும்போது முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது, அப்புறம் ஆற்றில் பெருகுகிறது. டக்ளஸ் ஃபர், பின்யான் பைன், பாண்டரோசா பைன் போன்ற மரங்கள் கோடைத் தொடக்கத்தில் வளர்வது அந்த ஈரத்தை நம்பித்தான். ஆகவே வளையத்தின் அகலமும் அந்த ஆண்டு நீர்வரத்தும் கைகோத்துப் போகின்றன. அங்கே ட்ரக்கி ஆற்றுப் படுகையில் மர வளர்ச்சியையும் நீரோட்டத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 1936லேயே வந்துவிட்டது. இந்தத் துறையைத் தொடங்கிய ஏ. இ. டக்ளஸ் என்பவர் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடித்தான் மரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1937இல் அவர் தொடங்கிய ஆய்வகம் இன்றும் இருக்கிறது. இமயமலையில் தேவதாருவும் சில்கோசா பைனும் இதே வேலையைச் செய்கின்றன. சட்லெஜ் ஆற்றின் ஏழு நூற்றாண்டு நீரோட்டத்தை அவற்றைக் கொண்டு கணித்திருக்கிறார்கள்.

மரத்தை வெட்டுவீர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. உள்ளே குழலாக இருக்கும் ஒரு திருகுக் கருவி உண்டு, போரர் என்போம். மார்பு உயரத்தில் வைத்துக் கையால் திருகித் திருகி மரத்தின் நடுவை நோக்கி இறக்க வேண்டும். வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் தோள் கழன்றுவிடும். உள்ளிருந்து வெளிவருவது 5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு குச்சி, பென்சிலைவிட மெல்லியது. சரிவில் நிற்கும் ஊசியிலை மரம் சாயாமல் இருக்கப் பள்ளப் பக்கமாகக் கூடுதல் கட்டை போட்டுக்கொள்ளும். அங்கே துளைத்தால் வளையம் பொய்யாக அகன்று தெரியும். ஆகவே மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் பக்கவாட்டில்தான் துளைப்போம், ஒரு மரத்துக்கு இரண்டு குச்சியாவது. அப்புறம் அதைக் காயவைத்து, காடி வெட்டிய மரச்சட்டத்தில் ஒட்டி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நைசான தாள்வரை தேய்க்க வேண்டும். கடைசித் தேய்ப்பில் பரப்பு கண்ணாடி மாதிரி வழுக்கும், நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரியும். வசந்தத்தில் போட்ட செல்கள் பெரியவை, வெளிறியவை. பருவ முடிவில் போட்டவை சிறியவை, கறுத்தவை. கறுப்பு சட்டென்று முடிந்து வெளுப்பு தொடங்கும் கோடுதான் ஓர் ஆண்டின் எல்லை. இந்த அகலங்களை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கிறோம்.

வெறுமனே எண்ணினால் ஆண்டு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இங்கேதான் இந்தத் துறையின் உயிர் இருக்கிறது. கடும் வறட்சி ஆண்டில் மரம் வளையமே போடாமல் விட்டுவிடும், அல்லது தண்டின் ஒரு பக்கம் மட்டும் போடும். சில ஆண்டுகளில் நடுப்பருவத்தில் வறண்டு பிறகு மழை பெய்தால் ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போலத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தேவதாருக் குச்சியை மூன்று முறை எண்ணி, மூன்று முறையும் ஒரே எண் வந்ததால் சரியென்று எழுதிவிட்டேன். பக்கத்து மரங்களோடு வைத்துப் பார்த்தால் வெளிப்புறம் ஒரு முப்பது வளையங்கள் அழகாகப் பொருந்தின; அதற்கு உள்ளே எதுவும் எதோடும் சேரவில்லை. இரண்டு நாள் போராடிய பிறகு, அதே மரத்தின் இரண்டாவது குச்சியை எடுத்துப் பார்த்தேன். முதல் குச்சியில் இல்லாத ஒரு வளையம் அதில் இருந்தது, இரண்டே இரண்டு செல் வரிசை, முடி பருமன்கூட இல்லை. அதைச் சேர்த்ததும் உள்ளே இருந்த நூற்றுச் சொச்சம் வளையங்களும் பூட்டில் சாவி விழுந்த மாதிரி பொருந்தின. ஒரு வளையம் தவறினால் அதற்கு முந்தைய எல்லா ஆண்டுகளும் ஓர் ஆண்டு நகர்ந்துவிடும். ஆகவே ஒரு மரத்தின் பேச்சை யாரும் நம்புவதில்லை. இருபது, முப்பது மரங்களில் அகல வளையம், குறுகிய வளையம் வரும் வரிசை ஒத்துப்போனால்தான் அவற்றைச் சேர்த்துக் கட்டிய காலக்கோடு, அதாவது ஆண்டுவாரி வளைய வரிசை, செல்லுபடியாகும். இந்த ஒப்பீடு ஒழுங்காக நடந்திருந்தால் ஆண்டுக் கணக்கில் சந்தேகமே வேண்டாம். "ஏறக்குறைய 1650 வாக்கில்" என்ற பேச்சு எங்களிடம் கிடையாது. 1652 என்றால் 1652தான். பழங்காலத்தைப் பற்றிய வேறெந்தச் சான்றுக்கும் இந்தத் துல்லியம் எளிதில் வராது.

இதுவரை சொன்னது உறுதியான நிலம். இனிமேல் கொஞ்சம் சேறு.

மரம் இளமையில் அகலமாக வளரும், முதுமையில் குறுகும். தண்டு பருக்கப் பருக்க, அதே அளவு கட்டையைப் பெரிய வட்டத்தில் பரப்ப வேண்டியிருப்பதால் வளையம் மெலிவது இயல்பு. இதை வறட்சி என்று எடுத்துக்கொண்டால் கதை கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் வயதுக்கேற்ற ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அதை நீக்கிவிட்டு மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம். சிக்கல் என்னவென்றால், வயதோடு சேர்த்து மெதுவாக நகரும் காலநிலை மாற்றத்தையும் அள்ளி வெளியே கொட்டிவிடுகிறோம். இருநூறு வயது மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அறுநூறு ஆண்டு வரிசை கட்டினாலும், முந்நூறு ஆண்டுகளில் மெல்ல ஏறி இறங்கிய ஓர் அலை அதில் தெரியாது. உங்கள் அறிக்கையில் "நானூறு ஆண்டுகளில் நீரோட்டத்தின் நீண்டகாலப் போக்கு மாறவில்லை" என்று ஒரு வரி இருந்தால், அது ஆற்றின் குணமா, கணக்கின் குணமா என்று கேளுங்கள். இன்னொன்று, மரத்துக்கு ஞாபகம் அதிகம். போன ஆண்டு சேர்த்து வைத்த மாவுச்சத்தில் இந்த ஆண்டு வளரும். ஆகவே நல்ல மழையின் பலனில் ஒரு பகுதி அடுத்த ஆண்டு வளையத்தில்தான் தெரியும். இதைப் புள்ளியியலில் சரிசெய்ய முடியும், முழுதாக அல்ல.

அடுத்து சமன்பாடு. உங்கள் 38 ஆண்டு நீரளவையும் அதே 38 ஆண்டு வளையங்களையும் பக்கத்தில் வைத்து ஒரு தொடர்பு காண்கிறோம். அந்தத் தொடர்பைப் பழைய வளையங்களுக்கு இட்டால் பழைய நீரோட்டம் வந்துவிடும். ஒரு பாதி ஆண்டுகளில் சமன்பாட்டைக் கட்டி மறு பாதியில் சோதிப்பது வழக்கம். பிறகு பாதிகளை மாற்றிப் போட்டும் பார்ப்போம். 38ஐ இரண்டாக்கினால் 19, 19. இது போதாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மகிழ்ச்சியாக இருக்க முடியாத எண். அதிலும் பத்துப் பதினைந்து காலக்கோடுகளை வைத்துக்கொண்டு எந்த மாதங்களின் நீரோட்டத்தோடு பொருந்துகிறது என்று தேடிக்கொண்டே போனால், எதோ ஒன்று தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும். இந்தத் தவறு என் துறையில் நடக்கிறது, நானும் செய்திருக்கிறேன்.

சமன்பாட்டில் இன்னொரு குணம் உண்டு, அதை அறிந்தவர்கள்கூட வரைபடத்தைப் பார்த்ததும் மறந்துவிடுகிறார்கள். ஆற்றின் ஏற்ற இறக்கத்தில் பாதியைத்தான் வளையங்கள் விளக்குகின்றன என்று வையுங்கள். வழக்கமாக 100 பங்கு ஓடும் ஆற்றில் ஓர் ஆண்டு 40தான் ஓடியது. அந்த ஆண்டுக்கு மரம் தரும் எண் சராசரியாக 70ஆக இருக்கும். 60 பங்கு பற்றாக்குறை 30 ஆகத் தெரியும். இது யாருடைய தவறும் இல்லை, இவ்வகைச் சமன்பாட்டின் இயல்பே இரு கோடிகளையும் நடுவை நோக்கி இழுப்பதுதான். ஆகவே வரைபடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால் உண்மைப் பள்ளம் பெரும்பாலும் அதைவிட ஆழம். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் 1580ஆம் ஆண்டு நீரோட்டம் 1924, 1977 ஆகிய கொடிய வறட்சி ஆண்டுகளைவிடக் குறைவு என்று மரங்கள் சொல்கின்றன. இதில் "1580 மிக மோசம்" என்ற வரிசையை நம்பலாம். அந்த ஆண்டு இத்தனை கன அடி என்று எண்ணைக் கேட்டால் பிழைப்பட்டையோடுதான், அதாவது எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்போடுதான், கேட்க வேண்டும்.

மேல் பக்கத்தில் இன்னும் மோசம். தண்ணீர் இல்லையென்றால் மரம் வளர முடியாது, அது தப்ப முடியாத கட்டு. ஆனால் தண்ணீர் தாராளமாக இருந்தால் அப்புறம் வேறு ஏதாவது கட்டுப்படுத்தும்: வெயில், குளிர், சத்து. தேவைக்கு இரண்டு மடங்கு பெய்தாலும் நான்கு மடங்கு பெய்தாலும் மரத்துக்கு ஒன்றுதான். ஆகவே மரம் வறட்சிக்கு நல்ல சாட்சி, செழிப்புக்குச் சுமாரான சாட்சி, வெள்ளத்துக்கு ஏறக்குறைய சாட்சியே இல்லை. ஒரு நாள் இரவில் மேகம் வெடித்து ஓடிய வெள்ளம் வளைய அகலத்தில் பதியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. வெள்ளம் உருட்டி வரும் கல்லும் கட்டையும் கரையோர மரங்களில் மோதிக் காயப்படுத்தும். மரம் அந்தக் காயத்தை மூடி வளரும்போது எந்த ஆண்டு பட்ட காயம் என்பது வளையத்தில் நின்றுவிடும். காயத்தின் உயரத்தை வைத்து நீர் ஏறிய மட்டத்தையும் மதிப்பிடுகிறார்கள். இங்கே மட்டும் கரையோர மரம்தான் தங்கம். அணையின் மதகு எவ்வளவு வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் அறிக்கை வளைய அகலத்தைக் காட்டினால், அது தவறான இடத்தில் காட்டப்பட்ட சான்று.

சரி, இத்தனை ஓட்டை இருந்தால் எதற்கு இந்த வேலை? கொலராடோ ஆற்றின் கதையைச் சொன்னால் விளங்கும். 1922இல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து அந்த ஆற்றைப் பங்கு போட்டன. மேல் படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப் படுகைக்கு 75 லட்சம். 1944இல் ஓர் ஒப்பந்தம் மெக்சிகோவுக்கு 15 லட்சம் கொடுத்தது. மொத்தம் 1.65 கோடி. பங்கு போட்டபோது கையில் இருந்தது ஏறக்குறைய இருபது ஆண்டுப் பதிவு. பங்கீட்டின் எல்லைப் புள்ளியான லீஸ் ஃபெர்ரியில் நீரளவு நிலையம் வைத்ததே 1921இல்தான். 1976இல் ஸ்டாக்டனும் ஜேக்கபியும் மர வளையங்களைக் கொண்டு சுமார் 450 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணித்தபோது, நீண்டகாலச் சராசரி சுமார் 1.35 கோடி ஏக்கர் அடி என்று வந்தது. அதைவிட அதிர்ச்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் அந்த 450 ஆண்டுகளிலேயே நீடித்த மிகச் செழிப்பான காலம். ஆறு வாழ்நாளில் ஒருமுறை வாரி வழங்கிய நேரத்தைப் பார்த்து, அதுதான் அதன் மாதச் சம்பளம் என்று நினைத்துப் பங்கு எழுதிவிட்டார்கள்.

இந்தக் கதையின் இரண்டாம் பாகத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 2006இல் வுட்ஹவுஸ், கிரே, மீகோ ஆகியோர் புதிய மரங்களைச் சேர்த்து 1490வரை பின்னோக்கிப் போனார்கள். கணக்கு முறையை மாற்றி மாற்றிச் செய்ததில் சராசரி 1.43 கோடியிலிருந்து 1.47 கோடிவரை வந்தது. முன்பு சொன்ன 1.35 கோடியைவிட அதிகம். அதே ஆறு, அதே வகை மரங்கள், ஆனால் எண் மாறுகிறது. ஆகவே சராசரி எவ்வளவு என்பது சற்றே ஆட்டம் காணும் எண். ஆனால் எந்தக் கணக்கிலும் 1.65 கோடி வரவில்லை, எந்தக் கணக்கிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் இயல்பான காலமாகத் தெரியவில்லை. எண் ஆடினாலும் முடிவு ஆடவில்லை என்பதைத்தான் நான் உறுதி என்கிறேன். மறுவருடம் மீகோ குழுவினர் பட்டுப்போய்க் கிடந்த பழைய கட்டைகளையும் சேர்த்து கி.பி. 762வரை போனார்கள். 1130இலிருந்து 1154வரை 25 ஆண்டுகள் சராசரி நீரோட்டம் 1906க்குப் பிந்தைய சராசரியில் 84 விழுக்காட்டுக்கும் கீழே. 16 விழுக்காடு குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அணையை நிரப்பக்கூடிய பெருநீர் ஆண்டுகளே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வராமல் போயிருக்கின்றன. எவ்வளவு பெரிய அணையும் இரண்டு மூன்று மோசமான ஆண்டுகளைத் தாங்கிவிடும். நிரம்பாமலே இருபத்தைந்து ஆண்டு ஓட்டுவது வேறு விஷயம்.

பிரம்மபுத்திராவில் கதை தலைகீழ். 2020இல் வந்த ஓர் ஆய்வு திபெத், மியான்மர், நேபாளம், பூட்டான் பகுதிகளின் மரங்களைக் கொண்டு, வங்கதேசத்தின் பஹதுராபாத் அருகே ஓடும் நீரைச் சுமார் ஏழு நூற்றாண்டுகளுக்குக் கணித்தது. 1956 முதல் 1986வரை நீரளவு எடுத்த காலம் அந்த எழுநூறு ஆண்டுகளில் மிக வறண்ட காலங்களில் ஒன்று என்று தெரியவந்தது. அதாவது நாம் இயல்பு என்று நினைப்பது குறைந்த அளவு. பெருநீர் ஆண்டுகள் நாம் கணக்குப் போட்டதைவிட அடிக்கடி வரக்கூடியவை. மரம் வெள்ளத்துக்குச் சாட்சி இல்லை என்று மேலே சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். இங்கே கணிக்கப்பட்டது ஒரு நாள் உச்சவெள்ளம் அல்ல, ஜூலை முதல் செப்டம்பர்வரை ஓடிய மொத்தச் சராசரி. அந்த ஆற்றில் பருவ நீர் உயர்ந்த ஆண்டுகளில்தான் வெள்ளமும் பெருகுகிறது என்பதால் இரண்டையும் தொடர்புபடுத்த முடிகிறது. எல்லா ஆற்றுக்கும் இந்தத் தொடர்பு இருக்காது.

உங்கள் ஆறு பனியாற்றிலிருந்து, அதாவது மலையில் ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியிலிருந்து, வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கேதான் நான் கூடுதலாகத் தயங்குகிறேன். மழையோ அந்த ஆண்டுப் பனியோ ஊட்டும் ஆற்றில் மரமும் ஆறும் ஒரே திசையில் நகரும். பனியாறு ஊட்டும் ஆற்றில் வெயில் கொளுத்தினால் நீர் கூடும். அதே வெயில் வறண்ட சரிவில் நிற்கும் மரத்தை வாட்டி வளையத்தைச் சுருக்கும். மரவரம்பில் (அதற்கு மேல் குளிரில் மரம் வளராத எல்லை) நிற்கும் மரமோ அதே வெயிலில் செழித்து அகலமாக வளரும். மேல் சிந்து ஆற்றில் பார்தாப் பாலத்து நீரளவை வைத்து குக் குழுவினர் 1452வரை கணித்தபோது மழைக்குப் பதில் சொல்லும் மரம், வெப்பத்துக்குப் பதில் சொல்லும் மரம் இரண்டின் குணங்களையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அது நல்ல வேலை. ஆனாலும் ஒரு கேள்வி தீராது: இன்று அப்படிப்பட்ட ஆறுகளில் ஓடும் நீரில் ஒரு பகுதி இந்த ஆண்டு வரவு அல்ல, பழைய சேமிப்பை உடைத்து எடுத்த பணம். பனியாறு சுருங்குவதால் வரும் அந்தக் கூடுதல் நீர் உங்கள் 38 ஆண்டுப் பதிவில் கலந்திருக்கும். மரத்துக்கு அது தெரியவே தெரியாது. சமன்பாடு கட்டும் ஆண்டுகளிலேயே இந்தக் கலப்பு இருந்தால் பழைய ஆண்டுகளின் அளவு பிசகும்.

வெப்பமும் இப்போது விதிகளை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதே மழை பெய்தாலும் மண்ணும் மரமும் கூடுதலாக ஆவியாக்குவதால் ஆற்றுக்கு வரும் மிச்சம் குறைகிறது. ஆகவே பழைய வறட்சி திரும்ப வந்தால் பழைய நீரோட்டம் வராது, அதைவிடக் குறைவாகத்தான் வரும். அமெரிக்கத் தென்மேற்கில் 2000 முதல் 2021வரையான காலம் கி.பி. 800க்குப் பிறகு வந்த 22 ஆண்டுக் காலங்களில் மண் மிக வறண்டது என்றும், அந்த வறட்சியில் 42 விழுக்காட்டுக்கு மனிதரால் விளைந்த காலநிலை மாற்றமே காரணம் என்றும் 2022இல் ஒரு கணிப்பு வந்தது. மர வளையம் இயற்கையின் சொந்த ஆட்டம் எவ்வளவு என்று காட்டும். அதன்மேல் நாம் ஏற்றிவைத்த சுமையைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

வெப்பமண்டல மலைகளாக இருந்தால் இன்னொரு தடை: பல மரங்கள் ஆண்டு வளையமே போடாது. தேக்கு போடும், வியட்நாம் மேட்டுநிலங்களின் ஃபோகியேனியா போடும், இன்னும் சில போடும். அகலம் தெளிவாகப் பேசாத இடங்களில் ஒவ்வொரு வளையத்தையும் கத்தியால் செதுக்கி, அதன் செல்லுலோஸில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களை) அளந்து ஈரப்பதத்தைப் படிக்கிறார்கள். பருவமழை நாடுகளில் இதற்கு எதிர்காலம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு குச்சிக்கு ஆகும் உழைப்பை நினைத்தால்தான் தலை சுற்றும்.

அணைக்கு வருவோம். இந்தக் கோட்டை எதிர்காலக் கணிப்பாகப் பயன்படுத்தினால் தவறு. 1690இல் வறட்சி வந்தது, ஆகவே 2040இல் வரும் என்று எந்த மரமும் சொல்லவில்லை. சரியான பயன்பாடு வேறு: உங்கள் அணையைக் காகிதத்தில் கட்டி, அதன் வழியே நானூறு ஆண்டு நீரோட்டத்தை ஓட்டிப் பாருங்கள். 38 ஆண்டுப் பதிவில் இல்லாத நீளமான வறண்ட தொடர்களில் நீர்த்தேக்கம் எத்தனை ஆண்டுகளில் காலியாகிறது, எத்தனை ஆண்டுகளில் மீள்கிறது என்று தெரியும். டென்வர் நகர நீர்வழங்கல் நிறுவனம் தன் அமைப்பு பழைய வறட்சிகளைத் தாங்குமா என்று பார்க்க இப்படித்தான் வளையங்களைப் பயன்படுத்தியது. அப்படி ஓட்டும்போது ஒரே கோட்டை மட்டும் ஓட்டாமல், பிழைப்பட்டைக்குள் வரக்கூடிய பல கோடுகளை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் முன்பு சொன்ன 40ஐ 70ஆகக் காட்டும் சாந்தமான ஆறுதான் கிடைக்கும்.

அறிக்கையை மறுபடி எடுத்தால் சில இடங்களைப் புரட்டிப் பாருங்கள். சமன்பாடு ஏற்ற இறக்கத்தில் எத்தனை விழுக்காட்டை விளக்குகிறது என்று இருக்கும். கொலராடோவில் 70க்கு மேல் வந்திருக்கிறது. பருவமழையும் பனியாறும் கலந்த இடங்களில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது, ஆனால் கட்டிய ஆண்டுகளிலும் சோதித்த ஆண்டுகளிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சோதனையில் பாதியாக விழுந்தால் அந்தக் கோட்டின் பழைய பகுதியை வெறும் அலங்காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நூற்றாண்டிலும் எத்தனை மரங்கள் என்று சிறிய வரைபடம் ஒன்று கீழே இருக்கும், அல்லது இருக்க வேண்டும். முதல் எண்பது ஆண்டுகள் மூன்றே மரத்தில் நிற்கிறது என்றால் உங்களுடையது நானூறு ஆண்டு வரிசை அல்ல, முந்நூற்று இருபது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் மரமே தேவையில்லை, திட்ட அலுவலகத்தில் கேட்டாலே தெரியும். அந்த 38 ஆண்டு நீரளவு எந்த இடத்தில் எடுத்தது? அதற்கு மேலே கால்வாய், தடுப்பணை, சுரங்க நீர்மின் நிலையம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், எடுத்த நீரைத் திரும்பக் கூட்டி இயற்கை நீரோட்டமாகத் திருத்திய பதிவோடு வளையங்களை ஒப்பிட்டார்களா, பதிவேட்டில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்களா? மதகுத் திறப்பு அட்டவணைக்கு எந்தச் சரிவில் நிற்கும் மரமும் பதில் சொல்லாது. இந்த விவரமும், எந்த மரம், எத்தனை மரம் என்பதும் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். அந்தக் கோட்டில் எந்த ஆண்டுவரை போகலாம் என்று அப்போது இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.